காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே

துறைமுகத் தெரு,
ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் ஷின்-ரூவுக்கு அம்மா எழுதுவது.

ஹாம்பர்க்கில் குளிர் தொடங்கிவிட்டது என்று செய்தியில் பார்த்தேன். கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. எடுத்துப் போட்டுக்கொள். இங்கே மழை விடவில்லை. படகுகள் பாதி நாள் கரையில்தான் கிடக்கின்றன.

போனில் தட்டிவிட்டால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் போனுக்கு வருவதும் போவதும் நம் கிளினிக் கம்ப்யூட்டரிலும் விழுகிறது. உன் அப்பா நாள் முழுக்க அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். இது அவர் கண்ணில் படக்கூடாது. கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

புத்தாண்டுக்கு வந்தபோது நோயாளிகளின் படங்களுக்கென்று தனியாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தாயே, இணையமே இல்லாத போன். அதில் படம் எடுத்து, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் பூட்டுப் போட்ட இடத்துக்கு மாற்றி, அங்கே சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனில் அழிக்கவேண்டும் என்று அப்பாவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாய். பெரிய மனிதர் தலையைத் தலையை ஆட்டினார். நீ விமானம் ஏறிய வாரமே அந்தப் போன் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. படம் மங்கலாக வருகிறதாம். மறுபடி தன் சொந்தப் போனிலேயே எடுக்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டருக்கு நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லாம் அதிலேயே கிடந்தது.

துயெட்டை உனக்கு நினைவிருக்கும். படகுக்கார ஆ-கூன் வியட்நாமிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். உன் வயதுதான். போன திங்கட்கிழமை மதியம், கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து வந்தாள். சட்டையைக் கழற்றச் சொன்னோம். முதுகில் இஸ்திரிப் பெட்டியின் முழு அச்சு. அதற்குப் பக்கத்திலேயே பழையது ஒன்று, ஆறிப்போய். நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்கக் காயத்தின் படமும் டாக்டர் சான்றும் வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் விளக்கைப் பிடித்தேன், அப்பா படம் எடுத்தார்.

சட்டையைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "டாக்டரம்மா, வெள்ளிக்கிழம அவரு கடலுக்குப் போயிருவாரு. அன்னிக்கு வந்து காயிதத்த வாங்கிட்டு, பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

உன் அப்பா சிரித்துக்கொண்டே, "எங்க கிட்ட குடுத்தது பெட்டியில வெச்சுப் பூட்டுன மாதிரி" என்று சொன்னார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவின் காலைப் பழக்கம் உனக்குத் தெரியும். பல் துலக்குகிறாரோ இல்லையோ, தாமரை, செவ்வந்தி, சூரியோதயம், "காலை வணக்கம், நலமாக இருங்கள்" என்று நாலு படத்தைக் கடல் தெய்வம் மாட்சு அம்மன் கோயிலின் போன் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். ஒரு நாள் அனுப்பாவிட்டால் டாக்டர் படுத்துவிட்டார் என்று ஊரே விசாரிக்கும். புதன்கிழமை காலையில் கண்ணாடி போடாமல் படங்களைத் தொட்டுத் தொட்டுத் தேர்ந்தெடுத்தார். இரண்டு தாமரைகளோடு துயெட்டின் முதுகும் போய்விட்டது.

கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தார். உடனே குழுவிலிருந்து அதை நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் பாதிப் பேர் திறந்துவிட்டார்கள் என்று போனே காட்டியது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஷின்-ரூ. ஒருவர் பின் ஒருவராகப் பூப்படம் போட்டுக்கொண்டே போனார்கள். அன்றைக்குப் போல அத்தனை பூ அந்தக் குழுவில் எந்த நாளும் வந்ததில்லை.

படத்தில் முகம் இல்லை. முகம் எதற்கு? சூடு போட்டவனுக்குத் தன் கைவேலை தெரியாதா? ஆ-கூனும் அந்தக் குழுவில்தான் இருக்கிறான். கோயில் கமிட்டியில் அவன்தானே பொருளாளர்.

வெள்ளிக்கிழமை துயெட் வரவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். ஆ-கூன் கடலுக்குப் போகவில்லை. வாசலில் நின்று வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே, "அவ ஊருக்குப் போயிட்டா. அவளுங்க அப்படித்தான், சொல்லாம ஓடிருவாளுங்க" என்றான். அவன் பின்னால் குழந்தை நின்றுகொண்டிருந்தாள். மூன்று வயதுப் பெண் குழந்தை, செருப்பு இரண்டும் கால் மாறிப் போட்டிருந்தாள். அந்தக் குழந்தையை விட்டுவிட்டுத் துயெட் எங்கும் போகமாட்டாள்.

அவர்கள் பக்கத்து வீட்டு மீன்கடை லின் அக்காவிடம் கேட்டேன். சத்தம் ஏதாவது கேட்டதா, அந்தப் படத்தையாவது பார்த்தாளா என்று. "கண்ணாடி போடாம பாத்தேன், பூவுன்னுதான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு மீனை வெட்டப் போய்விட்டாள். நம் தெருக் காவலரும் அந்தக் குழுவில் தினமும் பூப் போடுகிறவர்தான். அவரிடம் போய் என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் படங்களைக் கேட்டேன். புதன்கிழமையே போனிலிருந்தும் அழித்துவிட்டாராம். கம்ப்யூட்டருக்கு மாற்றவே இல்லை. சான்றும் எழுதவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "மொகமே இல்லாத படம். நாமளா பேரச் சொன்னாத்தான் பேரு. லைசென்சு போச்சுன்னா ஷின்-ரூ படிப்பு என்னாகும், யோசிச்சியா?"

யோசித்தேன். ஒரு ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன், உன்னிடம் மறைப்பானேன். நோயாளியின் படத்தை ஊருக்கு அனுப்பிய டாக்டரை யாரும் சும்மா விடமாட்டார்கள்.

அழித்த படங்கள் உடனே போய்விடாது, கொஞ்ச நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும் என்று நீ சொன்னது நல்லவேளை எனக்கு மறக்கவில்லை. நேற்று மதியம் அவர் தூங்கும்போது போனை எடுத்தேன். படங்கள் கிடந்தன. திரும்ப எடுத்து, கேபிளை மாட்டி, நீ சொன்ன அதே வரிசையில் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். இரண்டு முறை தப்பாகி, மூன்றாவதில் ஏறியது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பார்க்கத்தானே வேண்டும். பிறகு ஒரு பென் டிரைவில் பூட்டுப் போட்டு வைத்துக்கொண்டேன். அதை இந்த உறையில் வைக்கவில்லை. அவள் முதுகு அவளைக் கேட்காமல் ஒரு முறை ஊர் சுற்றியது போதும்.

நாளைக் காலை முதல் பேருந்தில் மாவட்டத் தலைநகருக்குப் போகிறேன். அங்கே அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் என் கையாலேயே கொடுப்பேன். யார் எடுத்தது, எப்படி வெளியே போனது எல்லாவற்றையும் பெயரோடு சொல்வேன். உன் அப்பா பெயரோடும்தான். பல் வலி என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

படிப்பு நின்றால் திரும்பி வா. இங்கே சோற்றுக்குக் குறை இராது. அப்பாவைத் திட்டாதே. அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். என்னோடு அவர் பேசாமல் போனாலும் நீ அவரோடு பேசு.

எனக்குத் தூக்கம் வராதது வேறொன்றுக்காக. வியட்நாமில் துயெட்டுக்கும் ஒரு அம்மா இருப்பாள். இந்த வாரம் மகளிடமிருந்து பேச்சே இல்லையே என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகவரி எனக்குத் தெரியாது. என் மகளே, நீ எந்த நாட்டில் இருந்தாலும், ஒரு நாள் நீ வெளியே வராவிட்டால் வந்து கதவைத் தட்டிக் கேட்கிறவர்கள் உன் தெருவில் இருக்கட்டும்.

உன் அம்மா,
ஸு-லான்