விழ அனுமதி இல்லாதவள்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் ஓடிப்போய் நின்றுவிட்டேன். பதினோரு முறை ஓடினேன், பதினோரு முறையும் நின்றேன். நூலகத்துக்குப் பின்னால், ஞாயிறுதோறும் சுவர் தாண்டப் பழகும் எங்கள் குழு கூடும் இடத்தில் இருக்கும் அந்தச் சுவர் என் இடுப்பளவுதான். ஓடிவந்து இரண்டு கைகளையும் அதன்மேல் ஊன்றி, கால்களை மடக்கிக் கைகளுக்கு நடுவே நுழைத்து அந்தப் பக்கம் இறங்க வேண்டும். பூனைத் தாவல் என்கிறார்கள். ஐம்பத்தொரு வயது ஜோஸியான் தாவுகிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் ஐந்நூறு பேருக்குக் கிழங்கு மசிக்கிறவள். நான் முப்பத்தேழு.

“சுவர் கடிக்காதுடி, மிர்தா,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா தொலைக்காட்சிப் பூசை முடிந்து உட்கார்ந்திருந்தார். “இன்னைக்குப் பிரசங்கம் எப்படி?” என்று கேட்டார். நல்லா இருந்தது என்றேன். மாதா கோயிலுக்குப் போகிறேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். கோயில் என்றால் அவர் தடுக்க மாட்டார்.

மார்ச் 6

மின்தூக்கி இன்னும் பழுதுதான். ஜனவரியிலிருந்து. ஐந்தாவது மாடி. அப்பா தெருவை மிதித்து இரண்டு மாதம் ஆகிறது. இன்று சன்னலில் இருந்து, கீழே ரொட்டி வாங்கிப் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்ச் 10, ஞாயிறு

ஒன்பது முறை. நின்றேன்.

மார்ச் 13

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பகல் மூன்று மணி, அப்பா தூங்குகிறார். உதவிப் பெண் காலை எட்டுக்கு வந்து, நான் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையிலிருந்து திரும்பும் ஒரு மணிக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை நான். மூன்று வருடமாக இப்படித்தான். பக்கவாதத்தில் அவருடைய வலது பக்கம் போனது. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை, திரும்ப நாற்காலி. அவர் எண்பத்தாறு கிலோ. தூக்கும்போது என் கழுத்தைக் கட்டிக்கொள்வார். காதருகில் அவர் மூச்சு கேட்கும்.

ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டரை. அதற்கு மேல் அவரைத் தனியே விட முடியாது. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் எனக்கென்று இருக்கிறது. அதிலும் ஒரு சுவர் முன்னால் போய் நின்றுகொண்டிருக்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

பயிற்சி தரும் சிரா சின்னப் பெண், இருபத்தாறு இருக்கும். என்னைச் சுவர்மேல் கைவைத்துத் தவளைபோலக் குதித்து, சுவர் மேலேயே உட்காரச் சொன்னாள். செய்தேன். அந்தப் பக்கம் குதிக்கச் சொன்னாள். செய்தேன். “இப்ப ரெண்டையும் சேத்துச் செய்யுங்க. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். ஓடினேன். கடைசி மூன்று அடியில் கால் தானாகச் சிறுநடை போட ஆரம்பித்துவிடுகிறது, கடன்காரனைப் பார்த்தவன்போல.

அப்பா: “பிரசங்கம் எதைப் பத்தி?”
“லாசரைப் பத்தி,” என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.
“ம்,” என்றார். பருப்புச் சூப்பில் உப்பு குறைவு என்றார்.

மார்ச் 24

துலூஸ் நகரத்திலிருக்கும் தம்பி ரோத்ரிக்கைக் கூப்பிட்டேன். ஒரு வாரம், ஒரே வாரம் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள் என்றேன்.

“கோடைல பாக்கலாம்க்கா.”
“எந்தக் கோடைடா?”
“ஏன் இப்படிப் பேசற? எனக்கு வேலை இருக்கு. சன்னல் மாட்டற வேலை, வசந்த காலத்துலதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. உனக்குப் பழகிடுச்சு. நான் வந்தா அவருக்குத்தான் கஷ்டம்.”

பழகிடுச்சாம். எது பழகிடுச்சு? எனக்கா, அவருக்கா, உனக்கா? போனை வைத்த பிறகுதான் இதெல்லாம் வாயில் வந்தது. குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்.

ஏப்ரல் 1

ஈஸ்டர் திங்கள். ஜோஸியான் உப்புமீன் வடை கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டு ஓடினாள். அடுத்த கட்டடம்தான் அவளுடையது. அப்பா ஏழு தின்றார். “இவளும் உன்கூடக் கோயிலுக்கு வர்றவளா?” என்றார். ஆமாம் என்றேன். “கோயிலுக்குப் போறவ தோள் மாதிரி இல்லையே,” என்றார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மழை. வழுக்கும் என்று பயிற்சி ரத்து. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டேன். இரண்டரை மணி நேரமும் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சிரா என்னைத் தனியே அழைத்தாள். சுவர்மேல் இருவரும் உட்கார்ந்தோம்.

“விழுந்தா என்ன ஆகும்னு நினைக்கறீங்க? முதல்ல என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க.”

“அப்பாவை யாரு கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போவா?”

“முட்டி உடையும், பல்லு போகும், அப்படி ஏதாவது சொல்வீங்கன்னு இருந்தேன்,” என்றாள்.

நானும் அதையேதான் சொல்வேன் என்று நினைத்திருந்தேன்.

அப்படியென்றால் எனக்குச் சுவர்மேல் பயமே இல்லையா? வலிமேலும் இல்லை. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முகவாயில் தையல் போட்டபோது அழவில்லை. இது வேறு. எனக்கு உடைய அனுமதி இல்லை. இந்தக் கை அப்பாவின் கைப்பிடி. இந்த முதுகு அப்பாவின் மின்தூக்கி. என்னுடையதல்லாத ஒன்றை ஓடிப்போய்ச் சுவரில் மோத விடுவதா? அதனால்தான் கால் நிற்கிறது. கால் நியாயமானதுதான்.

தெரிந்து என்ன பயன்? தெரியாதபோதாவது பயந்தாங்கொள்ளி என்று என்னைத் திட்டிக்கொள்ள முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசியில் அது கதவே இல்லை, வரைந்து வைத்த படம் என்று தெரிந்ததுபோல இருக்கிறது.

ஏப்ரல் 18

ஒன்றுமில்லை. அதே நாள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

வலது கையால் எழுத முடிகிறது, நல்லவேளை. உடைந்தது இடது மணிக்கட்டு. மாவுக்கட்டு ஆறு வாரம்.

ஞாயிறன்று நிற்காமல் ஓடினேன். தைரியத்தால் இல்லை, கோபத்தால். காலையில் அப்பா மூன்று முறை சட்டை மாற்றச் சொன்னார். மூன்றாவது சட்டைக்குப் பிறகு எனக்குள் ஏதோ கழன்றது. கை ஊன்றினேன், இடுப்பு எழுந்தது, வலது கால் விளிம்பில் தட்டியது. தலைகுப்புற விழுந்தேன். கை முதலில் போய்த் தரையில் ஊன்றியது. மரக்குச்சி முறிகிற சத்தம்.

நான் கத்தியது “ஐயோ” என்றில்லை. “சாவி! சாவி!” என்று. ஜோஸியான் என் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். சிரா என்னோடு மருத்துவமனைக்கு வந்தாள்.

ஐந்து மணி நேரம் கழித்து ஐந்து மாடி ஏறி வந்தேன். என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு ஏறினேன். கதவைத் திறந்தால், அப்பா சவரம் செய்த முகத்தோடு நாற்காலியில் இருக்கிறார். ஜோஸியான் எதிரே உட்கார்ந்து டோமினோ ஆடுகிறாள்.

“உங்கப்பா ஏமாத்தி ஆடறாரு,” என்றாள்.

அப்பா என் கையைப் பார்த்தார். அப்புறம் முகத்தை. “சுவர் தாண்டிக் குதிக்கப் போனியாமே.”

கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

“பிரசங்கம் கேக்கலைன்னு எனக்கு மார்ச்லயே தெரியும். அன்னைக்குப் பூசைல வாசிச்ச நற்செய்தி கோதுமை மணியைப் பத்தி. நீ லாசர்னு சொன்ன. நானும் அதே பூசையைத்தானே இங்க பாக்கறேன்.”

“ஏன்ப்பா கேக்கல?”

“யாரோ ஒருத்தன் இருக்கான்னு நினைச்சேன்.” டோமினோக் காயை இடது கையால் திருப்பித் திருப்பி வைத்தார். “நல்லதுன்னு நினைச்சேன். அப்புறம் நீ அவன்கூடப் போயிடுவேன்னு நினைச்சேன். ரெண்டையும் நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

ஏப்ரல் 25

ரோத்ரிக் திங்களன்றே வந்துவிட்டான். ஜோஸியான்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று இருவரும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்று வந்தான்.

முதல் முறை அப்பாவைத் தூக்கியபோது இருவருமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். “முட்டியை மடக்குடா, முதுகை வளைக்காதே,” என்றேன், கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்று. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “இதைத் தினமும் எத்தனை தடவைக்கா?”

“எட்டு. சில நாள் பத்து.”

அவன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அப்பாவும்.

மே 5

ரோத்ரிக் இன்னும் இருக்கிறான். அவனும் அப்பாவும் நாள் முழுக்கச் சண்டை. நான் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை. நடந்தேன்.

மே 12

அப்பாதான் சொன்னார். சாப்பாட்டு மேசையில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. “நான் இவன்கூட துலூஸ் போறேன். அங்க தரைத்தளம். வாசல்ல மண்ணு இருக்குன்னான். செப்டம்பர் வரைக்கும்.”

ரோத்ரிக் தட்டைப் பார்த்தான். இருவரும் முன்பே பேசியிருக்கிறார்கள்போல.

“எனக்காகப் போக வேண்டாம்ப்பா.”

“உனக்காக யாரு சொன்னா? நாலு மாசமா இந்தச் சன்னலையே பாக்கறேன். எனக்கும் அலுக்காதா?”

குளியலறைக்குப் போய் அழுதேன். நிம்மதியா, வருத்தமா? இரண்டும் ஒரே மாதிரிதான் வந்தது. என்னை மட்டும் அடைத்து வைத்திருப்பதாகவே மூன்று வருடம் நினைத்திருந்தேன்.

மே 18

ரோத்ரிக்கும் ஜோஸியானின் மருமகன்கள் இரண்டு பேரும் அப்பாவை நாற்காலியோடு கீழே இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்றார்கள். “மெதுவா, நான் பியானோ இல்ல,” என்றார். கீழே வந்ததும் வெயிலில் கண் கூசி, இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். கார் கிளம்பும்போது என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே.

மே 20

வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு முறை எழுந்துவிட்டேன்.

ஜூன் 5

கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து, வெளுத்து, யாருடையதோ போல.

ஜூன் 30, ஞாயிறு

காலையில் பூனைத் தாவல், ஆறு முறை. முதல் முறை கடைசி மூன்று அடியில் கால் தயங்கியது, ஆனால் நிற்கவில்லை. மூன்றாவது அசிங்கம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் உரிந்துவிட்டது. ஜோஸியான் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

பயம் போய்விட்டதா? இல்லை. பக்கத்திலேயே ஓடி வருகிறது. அது பாட்டுக்கு வரட்டும்.

வீட்டுக்கு வந்து, துண்டை ஈரமாக்கிக் காலில் வைத்துக்கொண்டு ரோத்ரிக்கைக் கூப்பிட்டேன். பின்னால் அப்பாவின் குரல், தக்காளிச் செடிக்கு யாரோ தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிட்டார்கள் என்று. நான் சொல்ல ஆரம்பித்தேன்: மதியம் வெயிலாக இருந்தால் அவர் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார், மாத்திரை இரண்டாவதைப் பாதியாக உடைத்து...

“எனக்குத் தெரியும்க்கா,” என்றான். “வை.”

வைத்துவிட்டேன்.