பட்டைக்கு அடியில்

பிப்ரவரி 3

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். "உங்க கேஸ் போட்டோவெல்லாம் பார்த்து வேணுங்கிறத எடுத்துக்குங்க டாக்டர், மிச்சம் பேப்பர் அரவைக்கு" என்று போன். ரிட்டயர் ஆன பிறகுதான் எனக்கு இவ்வளவு மரியாதை!

பிப்ரவரி 4

நாள் முழுக்கப் பதிவறையில். பிளந்த உதடுகள், வெந்த கன்னங்கள், நாய் கடித்த மூக்குகள். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டுவது அப்போது வழக்கம். நானே வெட்டி ஒட்டுவேன். இன்று பார்த்தால் ஒருவருக்கும் கண் இல்லை. உதட்டைப் பார்த்ததும் போட்ட தையல் நினைவுக்கு வருகிறது, ஆள் வரவில்லை.

பிப்ரவரி 5

தூக்கம் போச்சு. கண்ணை மூடினால் பட்டை, பட்டை, பட்டை.

பிப்ரவரி 9

ஓர் அம்மா வீடு தேடி வந்தாள். அவள் மகனுக்கு மூன்று மாதக் குழந்தையில் பிளந்த உதட்டைத் தைத்தவள் நான். போன மாதம் காய்ச்சலில் போய்விட்டானாம். வளர்ந்த பிள்ளை.

"பெரியவனானப்புறம் எடுத்த போட்டோ நிறைய இருக்கு டாக்டரம்மா. பொறந்த முகம் ஒண்ணுகூட இல்ல. ஆபரேஷன் முடியட்டும்னு யாரும் எடுக்கவே விடல. அந்த வாய்க்குத்தான சொட்டுச் சொட்டா பால் ஊட்டுனேன்? இப்ப அது மறந்துகிட்டே வருது. உங்ககிட்டதான் இருக்கும். குடுங்க."

முகத்தை மாற்றியதற்கு நன்றி சொல்லத்தான் வருவார்கள். பழைய முகத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் வந்ததில்லை.

பிப்ரவரி 10

கிடைத்துவிட்டது. ஒரே படம். கண்களின் மேல் பட்டை. நெகட்டிவ் எல்லாம் ஒரு மழையில் ஊறி எப்போதோ போய்விட்டதாம். பெற்றவளிடம் கண் இல்லாத பிள்ளையை எப்படி நீட்டுவேன்?

பிப்ரவரி 11

அரவைக்குப் போக இருந்த வேறொரு படத்தில் பட்டையை உரித்துப் பழகிப் பார்த்தேன். ஹேர் டிரையரால் சூடு காட்டி, பிளேடு முனையால் மெல்லத் தூக்கினால் — கண்கள் இரண்டும் பட்டையோடு உரிந்து வந்துவிட்டன. பட்டையின் பசைப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்தன. அலறியிருப்பேன் போல. வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"ஆயிரம் பேரைக் கொன்னாதான அரை வைத்தியர்? இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது இருக்கு, விடு."

இந்த மனுஷனுக்கு எதில்தான் விளையாட்டு இல்லை!

பிப்ரவரி 13

இன்னும் தொடவில்லை. பச்சைக் குழந்தைகள்மேல் தயங்காமல் கத்தி வைத்தவள், ஒரு காகிதத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

பிப்ரவரி 14

காலையில் உரித்தேன். இடது கண் முழுசாக நின்றது. வலது கண் போய்விட்டது, அந்த இடத்தில் வெறும் வெள்ளைத்தாள். என்னை நானே திட்டிக்கொண்டே இருந்தேன்.

மாலையில் அவள் வந்தாள். "மன்னிச்சிடும்மா, ஒண்ணைத்தான் காப்பாத்த முடிஞ்சுது" என்று நீட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். பிளந்த உதட்டை விரலால் தடவினாள்.

"பால் குடிக்கிறப்ப மார்ல முகத்தப் புதைச்சுக்குவான் டாக்டரம்மா. எனக்கு ஒரு கண்ணுதான் தெரியும். இந்தக் கண்ணுதான்."

அவள் போன பிறகு அழுதேன்.

பிப்ரவரி 16

நான் பழகிப் பார்த்த பட்டை இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எறிய முடியவில்லை. எந்தப் படத்திலிருந்து உரித்தேனோ, அதன் பின்பக்கத்தில் பெயர் எழுதியிருக்கும். இத்தனை நாள் திருப்பவே இல்லை. இன்று திருப்பிப் படித்தேன். யாரோ ஒரு பிள்ளை; இந்த முகத்தைக் கேட்டும் ஓர் அம்மா வரலாம்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அரவைக்கு ஒன்றும் இல்லை, எல்லாப் பெட்டியும் எனக்கு வேண்டும் என்றேன்.