வேர் கழுவிய மத்தியானம்

என் செல்லக் குருவிக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே மாமாவும் நானும் நன்றாகவே இருக்கிறோம். மாமாவுடைய முழங்கால் வலி மட்டும், காலி செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குடித்தனக்காரன் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

பாதிச் செடியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டு உன் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார், அங்கே என்னதான் நடந்தது என்று போனில் கேட்டாய். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாமா பக்கத்தில்தான் இருந்தார். பேப்பரில் ஒரே பக்கத்தை வெகு நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார் என்றால் புரிந்துகொள். அதனால்தான் என் தையல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உயரம் குறைக்க வந்த பேண்ட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மெஷின் பலகை மேல் தாளை வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பலகையைத் திட்டு, என்னைத் திட்டாதே.

நீ கிளம்பிய நாளில் இருந்து சொன்னால்தான் விளங்கும். நம் பையன் உன்னையும் எங்களையும் விட்டுக் கண்ணை மூடிய பிறகு, இந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவர் மாமாதான். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஆனால் உங்களை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவர் ஊமையாகிவிட்டார். உன் போன் வந்தால் எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவார். அது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான், "மாமா குளிக்கிறாரா அத்தை?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு என் மானத்தைக் காப்பாற்றினாய். அந்தப் பெருந்தன்மைக்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சாமான் அதிகம் என்று நீ விட்டுப்போன தொட்டிப் பாம் செடிதான் பிறகு அவருக்கு எல்லாமாக ஆனது. உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டு நடைக்கு வெயிலே வராது. எதிர்க் கட்டடத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான். அந்த இருட்டு மூலைக்கென்றே நம் பையன் தேடிப்பிடித்து வாங்கி வந்தான். "இதுக்கு வெயில் வேணாம்மா, வெளிச்சம் இருந்தாப் போதும்" என்றான். மூங்கில் மாதிரி மெல்லிய தண்டுகள், விசிறி மாதிரி இலைகள். நீங்கள் இருவரும் ஆளுக்கொரு ஈரத்துணியோடு உட்கார்ந்து இலை துடைத்த அழகை நான் சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மாமா அதைக் கையில் எடுத்துக்கொண்டார். பஸ் ஓட்டிய காலத்தில் குடிக்கிற தண்ணீரைக்கூட மறந்துவிட்டுப் போகிற மனுஷன், செடிக்கு விடிந்ததும் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊற்ற ஆரம்பித்தார். பிளாஸ்டிக் தொட்டியில் இருப்பது அதற்குக் கௌரவமாக இல்லையாம். அடியில் ஓட்டையே இல்லாத ஒரு பீங்கான் தொட்டி வாங்கி அதில் மாற்றினார். கீழ் இலைகள் மஞ்சளாயின. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினார். நுனியெல்லாம் கருகியது. குளிர்கிறது போலிருக்கிறது என்று தூக்கிப்போய் பால்கனி வெயிலில் வைத்தார். இரண்டு மூன்று நாளில் இலைகள் சாயம் போன துணி மாதிரி வெளுத்துவிட்டன. திரும்ப உள்ளே கொண்டுவந்தோம். மண்ணிலிருந்து ஒரு வாடை, சுற்றிலும் பொடிப் பூச்சிகள். வேண்டாங்க, விட்டுடுங்க என்றேன். "இதையும் விட்டுடச் சொல்றியா?" என்று கேட்டார். 

அந்த நிலையில்தான் ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் உன் வீட்டுக்காரர். பல் செட் செய்கிற தன் லேபுக்குப் புது மெஷின் பார்க்க வந்தாராம், போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியதாம். அவர் வேலை எந்தத் திசை, நம் வீடு எந்தத் திசை என்று எனக்குத் தெரியாதா? நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. மாமா எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். இவரும் பதிலுக்கு "வணக்கம் சார்" என்றார். இரண்டு சார்களும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டீ போடப் போனேன். நான் திரும்பி வருவதற்குள் யாராவது ஒருவர் எழுந்து ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

டீயோடு வந்தால் நாற்காலிகள் காலி. இருவரும் நடையில் செடிக்கு முன்னால் குனிந்துகொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் விரலை மண்ணுக்குள் விட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு நம் பையன் பேரைச் சொன்னார், குருவி. சாதாரணமாக, ஒரு கூட்டாளியைப் பற்றிக் கேட்கிற மாதிரி அந்தப் பேரைச் சொல்லி, "அவரு இதுக்கு எப்படித் தண்ணி ஊத்துவாரு?" என்று கேட்டார்.

அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது. மாமா மனசு நோகும் என்று நான் சொல்வதில்லை, என் மனசு நோகும் என்று அவர் சொல்வதில்லை. டீத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். மாமா ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளி எடுத்தார். பிறகு, "அவன் விரல வச்சுப் பாப்பான். மேல காஞ்சிருந்தாத்தான் ஊத்துவான்" என்றார். அப்புறம் மடை திறந்துவிட்டது. அவன் செடி வாங்கி வந்த கதை, பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தது, பக்கத்து சீட்டுக்காரர் மூக்கில் இலை குத்தி அவர் தும்மிக்கொண்டே வந்தது, எல்லாம் சொன்னார். அந்தத் தும்மல் கதை எனக்கே தெரியாது!

உன் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பழைய பேப்பர் கேட்டார், வாளியில் தண்ணீர் கேட்டார். பீங்கான் தொட்டியைச் சாய்த்துச் செடியை மெதுவாக உருவினார். அடியில் சேறு, வேர்கள் பழுப்பாகக் கூழ் மாதிரி. மாமா முகம் செத்துவிட்டது. "நானே கொன்னுட்டேனா?" என்றார். இவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு, "பல்லு மாதிரிதாங்க. வெளிய பாத்தா எல்லாம் போச்சுன்னு தோணும். ஆனா வேர் கொஞ்சம் கெட்டியா இருந்தாப் போதும், பொழச்சுக்கும்" என்றார். பல் கட்டுகிறவர் பேச்சு அப்படித்தானே இருக்கும்! வாளித் தண்ணீரில் வேரைக் குழந்தைக்குத் தலை அலசுகிற மாதிரி அலசினார். நடுவில் வெள்ளையாக, கெட்டியாகச் சில வேர்கள் இருந்தன. மாமா தண்டுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்டீயரிங்கை எப்படிப் பிடிப்பாரோ அப்படி, இறுக்கமாக.

அழுகினதை வெட்ட வேண்டியிருந்தது. என் துணிக் கத்தரியைத் தர எனக்கு மனசே இல்லை, ஆனாலும் எடுத்துவந்து தரையில் வைத்தேன். கையில் செடி, கண்ணில் செடி என்று இருந்த மாமா, தலையை நிமிர்த்தாமலே, "மாப்ள, அந்தக் கத்தரிய எடுங்க" என்றார்.

சொன்னது அவருக்கே தெரிந்ததோ என்னவோ. உன் வீட்டுக்காரர் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் கத்தரியை எடுத்துக்கொண்டு, "எங்க வெட்டட்டும் மாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. நீ கேட்டாயே, அதுதான் இது. நான் சமையலறைக்குப் போய், கொதிக்க வேண்டிய அவசியமே இல்லாத தண்ணீரைக் கொஞ்ச நேரம் கொதிக்கவைத்தேன்.

சுத்தம் செய்ததும் செடி தானாகவே இரண்டு கொத்தாகப் பிரிந்தது. ஒன்று உனக்கு என்று மாமாதான் சொன்னார். ஓட்டையுள்ள சின்னத் தொட்டி, நார்த்தூளும் மணலும் கலந்த மண். தொட்டி பெரிதாக இருந்தால் மறுபடி ஈரம் தங்கிவிடுமாம். இங்கே எங்கள் பாதி கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு நின்றது. முந்தாநாள் நடுவிலிருந்து ஒரு புதுக் குருத்து, மடித்த விசிறி மாதிரி கூராக நீட்டிக்கொண்டு வந்தது. மாமா என்னைக் கடையிலிருந்து கூப்பிட்டு வந்து காட்டினார். உன் பாதியும் அப்படித்தான் மிரளும், பயப்படாதே. ஜன்னலை ஒட்டி வைக்காதே. வாரத்தில் ஒரு நாள் ஈரத்துணியால் துடை. இப்போதைக்கு உரம் வேண்டாம். முக்கியமாக, இனி மாமா போனில் சொல்லப்போகிற யோசனை எதையும் கேட்காதே.

இன்னொன்று. உன் வீட்டுக்காரரைக் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால்தான் சொல்வேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, உனக்கு நாள் தள்ளிப்போயிருப்பதைச் சொல்லிவிட்டார். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருக்கா, அத்தை. நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க" என்றார். எங்களுக்கு வலிக்கும் என்று நினைத்தாயா, குருவி? வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த வலிக்குப் பின்னாலேயே அவ்வளவு பெரிய சந்தோஷமும் வந்தது. மாமா வாசற்படியில் நின்றுகொண்டு, "பஸ்ல பின் சீட்டுல உக்கார வேணாம்னு சொல்லுங்க, தூக்கித் தூக்கிப் போடும். நடுவுல, சக்கரத்துக்குத் தள்ளி உக்காரணும்" என்று அவர் மாடிப்படி இறங்கி முடிகிற வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

எங்களுக்கு எதுவும் குறை வைக்காமல் போன பெண் நீ. போன இடத்திலிருந்தும் ஒரு நல்ல மனுஷனை எங்கள் வீட்டு நடைக்கு அனுப்பி வைத்தாய், அனுப்பியது உனக்கே தெரியாவிட்டாலும். நீங்கள் இருவரும் நீண்ட காலம் நோய் நொடி இல்லாமல் வாழ வேண்டும். பிள்ளை சுகமாகப் பிறக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் உன் பக்கத்தில் ஒரு பெரியவள் இருக்க வேண்டும். உன்னைப் பெற்றவள் உயிரோடு இல்லை. வா என்று ஒரு வரி எழுது, கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுகிறேன். அக்கம்பக்கத்தில் யார் என்று கேட்டால், நீ பழைய கதையெல்லாம் சொல்லிக் கஷ்டப்படாதே. அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லிவிடு. நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்று சொல்கிறேன்.

என்றும் உன்
அத்தை