நிற்கிற பேனலைச் சுவர் என்று எழுதியது குறித்து

அனுப்புநர்
சே. சித்தி ஜனாபா (வயது 49),
பீடி சுற்றும் தொழிலாளி,
கிணற்றுப்பள்ளித் தெரு,
மேலப்பாளையம், திருநெல்வேலி.

பெறுநர்
தலைமை அலுவலர் அவர்கள்,
மேல்மாடிக் கட்டுமான ஒழுங்குப் பிரிவு,
திருநெல்வேலி.

பொருள்: எங்கள் மொட்டைமாடியில் நிற்கும் சூரிய மின்பலகைகளைச் சுவர் என்றும், கீரைப் பாத்தியைக் களை என்றும் கருதி, பதினைந்து நாளில் அகற்றச் சொன்ன உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆய்வாளரின் அறிக்கை, நாள் 8.5.2025, தங்கள் அறிவிப்பு, நாள் 2.6.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு தங்கள் அறிவிப்பு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டாம் மாடி இருப்பது அதைப் படித்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. பரம்பரையில் யாரும் இரண்டு மாடி வீட்டில் இருந்ததில்லை என்பதால் பெருமையாகவே இருந்தது. உடனே ஏறிப் பார்த்தோம். மொட்டைமாடிதான் இருந்தது. எனவே பணிவுடன் பின்வருவனவற்றைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. என் மகன் செய்யது மசூது ஷார்ஜாவில் சூரிய மின்பலகை பொருத்தும் வேலை பார்க்கிறான். அதை நாங்கள் பேனல் என்போம். சென்ற ஆண்டு தை மாதம் விடுப்பில் வந்தவன், எட்டுப் பேனல்களைப் படுக்கவைக்காமல் வேலி போல இரண்டு வரிசையாக நிற்கவைத்தான். ஒரு முகம் கிழக்கே, மறு முகம் மேற்கே. இரண்டு முகமும் வெயில் வாங்கும். நடுவில் நீர் கசியாத விரிப்புப் போட்டு, மண் பரப்பி, பொன்னாங்கண்ணியும் பசலையும் வைத்தோம். பேனலைப் படுக்கவைத்திருந்தால் கீரைக்கு வெயிலும் கிடைக்காது, மழையும் கிடைக்காது. அவன் தலைகீழாக ஒன்றும் செய்துவிடவில்லை. மாடி இந்தப் பாரத்தைத் தாங்கும் என்று பொறியாளர் கொடுத்த சான்றும் இணைத்துள்ளேன்.

2. எங்கள் தொழிலைப் பற்றித் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றுகிறோம். மடியில் சுளகு என்கிற முறம், சுளகில் பீடி இலையும் புகையிலைத் தூளும். மின்விசிறி போட்டால் தூள் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும், நனைத்த இலை காய்ந்து ஒடியும். ஆகவே மேலப்பாளையத்தில் எந்த வீட்டிலும், எந்த மே மாதத்திலும், பீடி சுற்றும் நேரத்தில் மின்விசிறி ஓடாது. மாடிக்கல் சூடேறினால் அத்தனையும் எங்கள் தலையில்தான் இறங்கும்.

3. 2023 மே மாதம் நஃபீஸத் என்ற பெண் வேலை செய்தபடியே மயங்கி விழுந்தாள். என் பக்கத்தில் உட்காருகிறவள், ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். மடியில் இருந்த கத்தரிக்கோல் வலது முழங்கையைக் கிழித்து நான்கு தையல். பிள்ளை தங்கவில்லை. மகனிடம் போனில் அழுதேன். மாடிக்கல் சூடேறாமல் இருக்க மண்ணும் கீரையும் பேனல் நிழலும் மேலே வந்தது அதனால்தான்.

4. பேனல் நட்ட பிறகு இரண்டு கோடை போய்விட்டது. ஒருவரும் மயங்கவில்லை. ஆடிக் காற்றில் பக்கத்து வீட்டுத் தகரம் தெரு முனைக்குப் போனது. தாங்கள் சுவர் என்று குறிப்பிடும் பொருள் அசையாமல் நின்றது. இதைச் சுவருக்கு ஆதரவான சாட்சியாகத் தாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

5. இனி ஆய்வு. தங்கள் ஆய்வாளர் திரு. தேவசிகாமணி அவர்கள் 8.5.2025 அன்று பகல் 12.20க்கு வந்தார். கிழக்கும் மேற்கும் பார்த்து நிற்கிற பேனல் காலையிலும் மாலையிலும்தான் நன்றாக உற்பத்தி செய்யும். உச்சிவேளையில் மிகக் குறைவு. காலை எட்டு மணிக்கு வாருங்கள், இல்லையென்றால் மாலை நான்குக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். இரண்டும் அலுவலக நேரத்துக்கு ஒத்துவராது என்றார். மாலை நான்கு மணி அலுவலக நேரம் இல்லை என்பதை அன்றுதான் அறிந்துகொண்டோம்.

6. அவர் படியிறங்கியதும், என்னை அக்கா முறையில் லாத்தா என்று அழைக்கும் நஃபீஸத் சொன்னதை, மரியாதைக் குறைவாகக் கொள்ளாமல் இருக்க வேண்டி, அப்படியே தருகிறேன்: "சூரியன் உச்சந்தலையில நிக்கும்போது வந்துட்டு, பேனலு வேல செய்யலன்னு சொல்லுதாகளே லாத்தா!"

7. அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் உள்ள வரியைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். "ஆய்வின்போது கீழ் அறையில் மின்விசிறி இயங்கவில்லை. எனவே மின் உற்பத்தி ஏதும் இல்லை என்பது உறுதியாகிறது. மேற்படி பலகைகள் இரண்டாம் மாடிக்கான பக்கச் சுவர்களே." மின்விசிறியின் பொத்தானை அவர் தட்டிப் பார்க்கவில்லை. எட்டுப் பேர் மடியிலும் சுளகு இருந்ததைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பக்கம் மிச்சமாகியிருக்கும்.

8. ஐயா, அந்த அறிக்கையை அவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பதுதான் முக்கியம். அதே அறையில், எங்கள் நாற்காலியில், கத்திரி வெயிலில், 12.20 முதல் 1.05 வரை என்று அவரே நேரம் குறித்திருக்கிறார். மேலே ஏறிப் பார்த்த ஐந்து நிமிடம் போக, மீதி நேரமெல்லாம் ஓடாத மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதினார். நன்னாரி சர்பத் கொடுத்தோம், பாதி குடித்தார். ஒருமுறைகூட நெற்றியைத் துடைக்கவில்லை. எங்கள் மாடி வேலை செய்கிறது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எங்களிடம் இல்லை.

9. அறிவிப்பில் சொன்ன பதினைந்து நாள் ஜூன் 17 அன்று முடிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நஃபீஸத் மீண்டும் கர்ப்பமாக இருக்கிறாள், இது ஆறாம் மாதம். அவள் வேலையை விட்டால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. வெந்த அறையில் அவளை உட்காரவைக்க எனக்கு மனமில்லை.

ஆகவே, உத்தரவை நிறுத்திவைத்து, ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் தாங்களே நேரில் வந்து மீட்டரைப் பார்க்குமாறு வேண்டுகிறேன். இல்லை, அகற்றியே தீர வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று. அகற்றிய மறுநாள் பகல் 12.20க்குத் திரு. தேவசிகாமணி அவர்களை அனுப்பிவையுங்கள். பணி முடிந்த சான்றிதழை அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து 1.05 வரை எழுதட்டும். மின்விசிறி ஓடாது, நாங்கள் வேலையில் இருப்போம். சர்பத் தருகிறோம். துண்டு மட்டும் அவர் கொண்டுவர வேண்டும்.

இடம்: மேலப்பாளையம்
நாள்: 9.6.2025

இப்படிக்கு,
சே. சித்தி ஜனாபா

இணைப்பு: பொறியாளர் சான்று, காலை, மாலை மீட்டர் படங்கள், உடன் வேலை செய்யும் எழுவரின் கையெழுத்து. நான்காவதாக உள்ளது நஃபீஸத்தின் கையெழுத்து. அது கோணலாக இருக்கும். தையல் போட்ட கை.