திறக்காத காற்றுப்பை

என் பிரியமான அண்ணனுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அண்ணிக்கு அங்கன்வாடியில் வேலை கிடைத்திருக்கிறது. உன் மகள் ஆறாவது போகிறாள், கணக்கில் உன்னைப் போலவே மோசம். இதெல்லாம் உனக்குத் தெரியுமா?

எழுத வந்தது வேறு. உன் சிநேகிதர் ஏகாம்பரத்துக்கு நான் ஒரு கொடுமை செய்துவிட்டேன்.

அவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய காரைத்தானே நீ வாங்கினாய். "ஸ்டீரிங்குள்ள ஏர்பேக் இருக்குதுபா, இடிச்சா தானா தொறந்துக்கும்" என்று அவர் சொன்னதை எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருப்பாய். வாலாஜாபாத் கூட்டுரோட்டில் லாரி உன் பக்கக் கதவில் மோதியபோது அந்தப் பை திறக்கவில்லை. முகம் தெரியாத லாரிக்காரனைவிடத் தெரிந்த ஒருவரைத் திட்டுவது எனக்கு எளிதாக இருந்தது போல. உன் காரியத்தன்று, பந்தலில் எல்லோர் முன்னாலும், "கெட்டுப்போன வண்டிய எங்கண்ணன் தலையில கட்டிட்டீங்களே, நீங்கதான் கொன்னீங்க" என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர், அப்புறம் நம் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

போன வாரம், நசுங்கிக் கிடந்த காரை விற்க ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பை ஏன் திறக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"முன்னாடி பலமா இடிச்சாத்தான்மா இது தொறக்கும். ஓடற வண்டி சடார்னு நின்னா சென்சாருக்குத் தெரிஞ்சிடும். உள்ள வெடிமருந்து பத்திக்கினு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பை ரொம்பிடும். நெஞ்சு ஸ்டீரிங்ல மோதாம தாங்கிக்கும். பக்கத்துல இடிச்சா ஆளு பக்கவாட்டுலதான் போவாரு. முன்னாடி பை தொறந்து இன்னா பிரயோஜனம்?"

"அப்ப அது கெட்டுப் போகலயா?"

"செக் பண்ணிப் பாத்தேன்மா, நல்லாத்தான் இருக்குது. அண்ணன் பெல்ட்டும் போட்டுக்கினு இருந்திருக்காரு, அறுத்துத்தான் எடுத்திருக்காங்க. பக்கத்துக்குன்னு இந்த வண்டியில தனியா பை கெடையாது."

அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் கோபப்பட ஓர் ஆள் இருந்தார். இப்போது நீ இல்லாதது மட்டும்தான் மிச்சம்.

அங்கிருந்து நேரே பிள்ளையார்பாளையம் போனேன். ஏகாம்பரம் அண்ணா தறியிலிருந்து எழுந்து வந்தார். பாதியாக இளைத்திருக்கிறார். மெக்கானிக் சொன்னதை அப்படியே சொல்லி, "என்னை மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன்.

மன்னிப்பு அவர் காதிலேயே விழவில்லை. "நெசமாவா? அது கெட்டுப் போகலயா?" என்றார். இல்லை என்றேன். இன்னொரு முறையும் கேட்டார். "நீ சொன்னதுதான் சரின்னு நெனச்சுக்கினு இருந்தேம்மா. நான்தான் அவன சாகடிச்சேன்னு" என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"உங்கண்ணன் செத்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் இவரு அழுவுறாரு" என்றார் அவர் மனைவி.

உனக்காக அழக்கூட நான் அவரை விடவில்லையா, அண்ணா?

அடுத்த மாதம் உன் முதல் திவசம். அவரை நானே போய்க் கூட்டி வருவேன். அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லோர் முன்னாலும் என் தப்பைச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வாய்த்துடுக்குத் தங்கச்சி,
செல்வி