மாப்பிள்ளையின் கண்ணாடி

பாப்பாவுக்கு,

நேற்று அரியலூர்க்காரர்கள் உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து உன் முகத்தில் விழிக்கக் கூசுகிறது. அதனால்தான் எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

"கண்ணாடி போட்ட பொண்ணு வேணாம்பாங்க" என்று பெரம்பலூர் தரகர் சொன்னதும் உன்னைத் திருச்சி கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். நீ பயந்தாய். "கத்தியே வைக்க மாட்டாங்க, லேசர்தான்" என்று உன் வாயை அடைத்தேன்.

நேற்று மாப்பிள்ளை தடிக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். காபித் தட்டோடு வந்த நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். நான் குனிந்து மிக்சர் தின்றேன்.

அவர்களுக்குச் சம்மதமாம். "பொண்ணுக்கும் சம்மதந்தாங்க" என்று நானே சொல்லிவிட்டேன்.

உனக்குப் பிடித்திருக்கிறதா, பாப்பா? இல்லையென்றால் சொல். அவர்களுக்கு நானே போன் செய்கிறேன்.

அப்பா