கதவின் இடது பாதி

இன்று காலை ஒரு காரின் பானெட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டு ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தேன். பெயிண்ட் காய்வதற்குள் குண்டூசித் தலை அளவில் நாலைந்து குழிகள் விழுந்துவிட்டன. தலை நிறைய தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு, துணி கட்டாமல் வந்த புத்திகெட்டவள் நான்தான். நீ சிரிக்கிறாயா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர் இருந்தது.

அடிபட்ட வண்டிகளுக்கு டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் சொல்லித்தந்த அந்த வகுப்பில் பெண்கள் நாம் இருவர்தான். நான் லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருவேன், நீ நோணாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில். எண்ணெய் பட்ட இடத்தில் விழும் குழிக்கு மீன்கண் என்று பெயர் என்றார் சார். எந்த மீனுக்கு இத்தனை சின்னக் கண் என்று மீன்காரர் வீட்டுப் பெண்ணான நீ கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் பின்னலைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாய்: "இந்த எண்ணெயில ஒரு கிலோ வஞ்சிரம் வறுக்கலாம்டி."

கடைசிப் பரீட்சைக்கு இரண்டு பேருக்கு ஒரு பழைய கார்க் கதவு. நடுவே பிரித்துக் காட்ட மாஸ்கிங் டேப். இடது பாதி உனக்கு, வலது பாதி எனக்கு. அடியில் ஒட்டிய டேப்பில் நம்பர் மட்டும்: நீ பதினேழு, நான் பதினெட்டு. நீ அடித்த பாதி கண்ணாடி மாதிரி வழவழத்தது. நான் துடைத்துவிட்டுக் குனிந்தபோது பின்னல் பட்டிருக்கிறது, தெரியவில்லை. அடித்ததும் என் பாதி முழுக்க மீன்கண். வெளியிலிருந்து தேர்வாளர் வர அரை மணி நேரம்தான் இருந்தது. தோற்றால் படிப்பும் வேண்டாம் வேலையும் வேண்டாம், கல்யாணம்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். அழுதுகொண்டு நின்றேன்.

நீ இரண்டு நம்பர் டேப்பையும் உரித்து மாற்றி ஒட்டினாய். நான் கையைப் பிடித்தேன்.

"வுடுடி. ஒங்கப்பா மாப்ள பாத்துட்டாரு. நான் தோத்தா எங்கம்மா ரெண்டு நாளு திட்டும், அவ்ளோதான். ஆறு மாசம் கழிச்சி எழுதிக்கிறேன்."

சார் கதவைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், தேர்வாளரைக் கூட்டிவரப் போனார். எனக்கு இந்த வேலை கிடைத்தது. ஆறு மாதம் கழித்து நீ தேறியபோது இங்கே வேறு இடம் காலி இல்லை. அரியாங்குப்பத்தில் பைக் டேங்குகளுக்கு பெயிண்ட் அடிக்கப் போனாய். நன்றி சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். "அது கெடக்கட்டும், எண்ணெயக் கொற" என்று ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டாய். நானும் அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு தடவை, திட்டு வாங்கவாவது.

பானெட்டைத் தேய்த்து, தலையில் துணி கட்டி, திரும்ப அடித்தேன். நீ செய்வாயே, அதுபோலக் காய்ந்தபின் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினேன். குழி இல்லை. பிறகு, முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் என் சான்றிதழ் அருகே போனேன். மாஸ்கிங் டேப் கிழித்து, பதினேழு என்று எழுதி, கண்ணாடியின் இடது மூலையில் ஒட்டினேன்.

இது யார் நம்பர் என்று முதலாளி கேட்டார். இத்தனை வருஷம் கழித்துச் சொன்னேன்:

"பாஸ் ஆனவளோடது சார்."